"நரம்பு" என்றால் எது? வகுப்பில் தமிழில் விளக்கலாமா?

சேண்பாக்கத்தாள்:

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஃபிசியாலஜி ட்யூட்டராக இருக்கிறேன். இது மூன்றாவது வருடம்.

போன செவ்வாய்க்கிழமை ஃபர்ஸ்ட் இயருக்கு நாடி பார்க்கும் பிராக்டிகல். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துப் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேன் என்ன செய்யும்? எல்லார் கையும் பிசுபிசுப்பு.

ஒடுகத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன், அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். மூன்று விரலையும் நண்பனின் மணிக்கட்டில் சரியாக வைத்தான். முழு நிமிடம் எண்ணினான். "ரேட் 78, ரிதம் ரெகுலர், வால்யூம் நார்மல், வெஸல் வால் நாட் பால்பபிள்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். மார்க் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். என்னவோ தோன்றியது, தமிழில் கேட்டேன்.

"உன் விரலுக்கு அடியில துடிக்குதே, அது என்ன?"

"நரம்பு மேடம்."

பக்கத்தில் பச்சையாக ஓடுவதைக் காட்டினேன். "இது?"

"அதுவும் நரம்புதான்."

கையை மடக்கச் சொன்னேன். மணிக்கட்டின் நடுவில் கயிறு மாதிரி ஒன்று எழும்பியது. "இது?"

கொஞ்சம் யோசித்தான். "பெரிய நரம்பு மேடம்."

அசல் நரம்பு ஒன்று அதே மணிக்கட்டில்தான் ஓடுகிறது. அவன் தொடாதது அது ஒன்றுதான்.

பையன் மக்கு இல்லை. தமனி, சிரை வித்தியாசம் கேட்டால் ப்ளஸ் டூ புத்தகத்தில் உள்ளதை அட்சரம் பிசகாமல் சொல்கிறான். ஆர்ட்டரி, வெய்ன் என்று கேட்டாலும் சொல்கிறான். வீட்டில் பேசும் நரம்பு மட்டும் எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளிடம் "நரம்பு ஊசி எதுக்குள்ள போடறாங்க?" என்று கேட்டேன். அவர்களும் முழித்தார்கள்.

அன்றைக்கு இருபது நிமிடம் தமிழிலேயே பேசிவிட்டேன். டீ குடிக்கும்போது சீனியர் ஒருவர், "இது ட்யூஷன் சென்டர் இல்லம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் தைத்தது.

அனாடமி, ஃபிசியாலஜி எடுப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். எவ்வளவு தமிழ் பேசலாம்? இந்த நரம்புச் சிக்கலை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

எலும்புப்பெட்டி:

அனாடமியில் முப்பத்தோரு வருடம் நின்று ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மாணவன் சரியாகத்தான் சொன்னான் அம்மா. நம் பேச்சில் நரம்பு என்றால் உடம்புக்குள் நீளமாக ஓடும் எதுவும் நரம்பு. யாழுக்கும் வீணைக்கும்கூட நரம்புதான். தப்பு அவனிடம் இல்லை, அதைப் பிரித்துக் காட்டாத நம்மிடம்.

நான் பிணத்தைத் தொடவிடும் முன்பு அவரவர் கையைத் தொடவைப்பேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட்டுக்கொள்ள, மணிக்கட்டை லேசாக மடக்கச் சொல்லுங்கள். அந்தப் 'பெரிய நரம்பு' விறைத்து எழும். அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண், தசையின் இழுப்பைக் கடத்தும் கயிறு. சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, அதனால் ஒரு குறையும் இல்லை. அதற்கு அடியில்தான் மீடியன் நரம்பு. பச்சையாகத் தெரிவது சிரை. கட்டைவிரல் பக்கம் துடிப்பது தமனி. அப்புறம் முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் தட்டச் சொல்லுங்கள். சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்கும். "இப்ப அடிச்சது பார், அதுதான் நரம்பு" என்றால் ஒருத்தனும் மறக்கமாட்டான்.

இதில் விளையாட்டுக்கு இடமில்லை என்பதற்கு நம்ம ஊரே சாட்சி. 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து திருத்தினார். அந்த நோயில் கையில் அதிகம் கெடுவது முழங்கையில் நீங்கள் தட்டிய அதே அல்னார் நரம்பு. அது கெட்டதும் உள்ளங்கையின் சின்னத் தசைகள் படுத்துவிடும், விரல் பருந்தின் நகம்போல் வளையும். வேலை செய்யும் வேறொரு தசையின் நாணை எடுத்து விரலில் பொருத்துவார்கள். விரல் நிமிரும். ஆனால் தொடு உணர்ச்சி திரும்பாது, ஏனென்றால் மாற்றியது நாண், நரம்பு அல்ல. "புது நரம்பு வெச்சாங்க" என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர் சூடான பாத்திரத்தைத் தைரியமாகப் பிடிப்பார். கை வெந்த வாடை வந்த பிறகுதான் தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

டீ குடித்த சீனியரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஹார்ட்டும்_லங்கும்:

நான் அந்த சீனியர் கட்சி. பரீட்சை இங்கிலீஷ், புத்தகம் இங்கிலீஷ், பிஜி நுழைவுத் தேர்வும் இங்கிலீஷ். முதல் வருடம் தமிழில் தாலாட்டினால் இரண்டாம் வருடம் பேத்தாலஜியில் அந்தப் பையன்தான் அழுவான். இரக்கம் வேறு, பயிற்சி வேறு. நானும் அரசுப் பள்ளிதான், செய்யாறு. யாரும் எனக்குத் தமிழில் சொல்லித்தரவில்லை. வந்துவிட்டேன்.

ராணிப்பேட்டை சிஸ்டர்:

சார், நீங்கள் வந்துவிட்டீர்கள், நோயாளி இன்னும் தமிழில்தானே வருகிறார்?

நான் வார்டில் பதினெட்டு வருடம். "நரம்பு இழுத்துக்கினு கீது" என்று ஒரு அம்மா வந்தால் எனக்கு நாலைந்து யோசனை ஓடும். ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதா, இடுப்பிலிருந்து கால் வரை சுரீரென்று இறங்குவதா, வலிப்பா, கழுத்துச் சுளுக்கா? "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றால் அது வெரிகோஸ், சிரை. "நரம்பு கிடைக்கலை" என்று நாங்கள் சொல்வதும் சிரைதான், டிரிப் போடும்போது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' போஸ்டர் எதைப் பற்றியது என்று உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள்.

ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி கேஸ் ஷீட்டில் 'நெர்வ் பெய்ன்' என்று எழுதினார். அந்தத் தாத்தா காட்டியது குதிகாலுக்கு மேலே தடித்த நாணை. "எங்க வலிக்குது, ஒரு விரலால தொட்டுக் காட்டு" என்று கேட்டிருந்தால் முடிந்தது.

சிக்கன்கடை_டாக்டர்:

அக்கா, நான் ஃபைனல் இயர், 7.5 கோட்டாவில் வந்தவன். அப்பாவுக்குப் பேரணாம்பட்டு ரோட்டில் சிக்கன் கடை.

சின்ன வயதில் எங்கள் விளையாட்டே வெட்டிப்போட்ட கோழிக்கால்தான். வெட்டின இடத்தில் வெள்ளையாக நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கத்து நூலை இழுத்தால் விரல் மடங்கும், முன்பக்கத்து நூலை இழுத்தால் நிமிரும். தங்கச்சியைப் பயமுறுத்த அது போதும். அப்பா அதையும் நரம்பு என்றுதான் சொல்வார். டிசெக்‌ஷன் ஹாலில் ஃப்ளெக்சார் டெண்டனை, அதாவது மடக்கும் நாணை, இழுத்ததும் விரல் மடங்கியது. எல்லாரும் 'ஓ' என்றார்கள், எனக்கு மட்டும் கடை ஞாபகம் வந்தது. ஃபர்ஸ்ட் இயரில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

மடக்கும் நாணும் நிமிர்த்தும் நாணும் தெரிய ரெண்டு கோழிக்கால் போதும் அக்கா. கடையில் சும்மா கேட்டாலே தருவார்கள். ஃபிசியாலஜி லேபில் முன்பு அறுத்துப் பார்த்த தவளை இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மவுஸை அழுத்தினால் கிராஃப் வரும், இழுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை.

செய்யாறு அண்ணனுக்கு: வைவாவில் இங்கிலீஷில்தான் பதில் சொன்னேன், பாஸும் ஆனேன். தமிழில் புரிந்ததால் இங்கிலீஷ் மறந்துபோகவில்லை.

சேண்பாக்கத்தாள்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று அடுத்த பேட்ச் வந்தது.

சிக்கன் கடைக்காரர் கோழிக்கால் கொடுத்துவிட்டு, "சூப்புக்காம்மா?" என்றார். காலேஜுக்கு என்றால் நம்பவில்லை. எலும்புப்பெட்டி சார் சொன்ன வரிசையில் போனேன். முதலில் மணிக்கட்டு, அப்புறம் முழங்கை, கடைசியில் கோழி. போர்டில் நடுவில் 'நரம்பு' என்று எழுதி நாலு கோடு இழுத்து நெர்வ், வெய்ன், ஆர்ட்டரி, டெண்டன். அதற்குப் பிறகு முழுக்க இங்கிலீஷிலேயே எடுத்தேன், செய்யாறு சாருக்கும் திருப்தியாக இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் தமிழ் தேவைப்படவில்லை. ஒரு பெண்ணுக்கு இரண்டு கையிலும் பால்மாரிஸ் இல்லை. முதலில் பயந்தாள், அப்புறம் ஹாஸ்டல் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறாளாம்.

ஒடுகத்தூர்ப் பையன் இந்த பேட்ச் இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்ததும் வந்து, "மேடம், எங்க ஆயாவுக்குக் கால்ல நரம்பு சுருட்டிக்கினு கீது" என்று ஆரம்பித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே நிறுத்தி, "இல்ல, வெய்ன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப நேரம் நின்னே நெய்யுறாங்க, அதனால வந்திருக்குமா?" என்று கேட்டான்.