புராஜெக்ட் மேனேஜர் யாருடைய ஆள்?

உறுப்பினர்களுக்கு வணக்கம். காரைக்குடி அருகே எங்கள் பூர்வீக வீட்டின் வளவை (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) பழுதுபார்க்க வந்த விலைப்புள்ளிகளில் ஒன்று, ‘புராஜெக்ட் மேனேஜர்’ என்பவரை வீட்டுக்காரர் சார்பில் காலத்தையும் செலவையும் கண்காணிப்பவராகவும், மற்றொன்று ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்கும் ஊழியராகவும் குறிப்பிடுகின்றன. ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர்’, ‘சைட் இன்ஜினியர்’ ஆகிய இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வேலைதான் எழுதப்பட்டிருக்கிறது. (ஐயா காலத்தில் மேஸ்திரி என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.) பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட ‘சிவப்புப் புத்தகம்’ என்ற கட்டுமான மாதிரி ஒப்பந்தத்தில் ‘இன்ஜினியர்’ என்பவர் உரிமையாளர் நியமிக்கும் ஒப்பந்த நிர்வாகி என்பதால் குழப்பம் மேலும் கூடுகிறது. முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தைச் சரிபார்த்துப் பில்லுக்குப் பரிந்துரைப்பவர் யார், சுண்ணாம்புப் பூச்சின் தரத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை ஒப்பந்தத்தில் எவ்வாறு எழுதுவது? வீடு கட்டி அனுபவப்பட்டவர்கள் மாதிரி வாசகத்துடன் விளக்குமாறு வேண்டுகிறேன்.