கிச்சுக்கிச்சு மூட்டப்படும் தேவாங்கு: இந்தக் காணொளியைப் பகிரலாமா?

இளவேனில்:
குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பழைய காணொளி மறுபடியும் சுற்றுகிறது. பெரிய கண்களையுடைய தேவாங்கு ஒன்றின் அக்குளில் ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. கீழே எல்லோரும் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். அது தென்கிழக்கு ஆசியாவில் வாழும் ஸ்லோ லோரிஸ் இனம். முழங்கையருகே கையின் உட்புறத்தில் அதற்கு ஒரு சுரப்பி உண்டு. அச்சுறுத்தல் வரும்போது கையைத் தூக்கி அச்சுரப்பியின் நீரை எச்சிலோடு கலந்து, கடியை நஞ்சாக்கிக்கொள்கிறது. நாம் இன்பம் என்று பார்த்துச் சிரிப்பது அதன் தற்காப்பு நிலையை. இதைப் பகிர்வதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

தஞ்சை ரகு:
நண்பரே, 2009இலேயே யூடியூபில் பரவி, உலகமே பார்த்து முடித்த காணொளி அது. நான் என் அக்காவுக்கு அனுப்புவதால் வியட்நாம் காட்டில் ஒரு விலங்கு கூடுதலாகப் பிடிபடும் என்பது நம்பும்படி இல்லை. மேலும், இந்தக் காணொளி இல்லையென்றால் அப்படியொரு விலங்கு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது. உண்மையை நான்கு வரி எழுதிச் சேர்த்து அனுப்பினால் போதாதா?

இளவேனில்:
அக்காவோடு அது நின்றுவிடுவதில்லையே! இதே காணொளியின் கீழ் 33 மாதங்களில் எழுதப்பட்ட 12,411 கருத்துகளை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியானது. தொடக்க மாதங்களில் கருத்து எழுதியவர்களில் நான்கில் ஒருவர், தமக்கும் இப்படியொன்று வளர்க்க வேண்டும் என்றிருக்கிறார். இவ்விலங்கின் பன்னாட்டு வணிகம் 2007இலேயே தடைசெய்யப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். கூண்டில் இவை எளிதில் இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதால், விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவையே. வாங்குபவரைக் கடித்துவிடக் கூடாது என்பதற்காக வணிகர்கள் நகவெட்டியால் முன்பற்களை வெட்டுகிறார்கள், அதுவும் மயக்க மருந்து எதுவும் கொடுக்காமல். ஈறு சீழ்பிடித்து இறந்துபோகும் விலங்குகளை எந்தக் காணொளியும் காட்டுவதில்லை.

தஞ்சை ரகு:
அதே ஆய்வின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். விலங்கைப் பற்றிய செய்திகள் கருத்துகளில் பெருகப் பெருக, வளர்க்க விரும்புவோரின் பங்கு வெகுவாகக் குறைந்ததாகவும் அதில்தான் இருக்கிறது. என் வாதமும் அதுவே: மறைப்பதைவிட விளக்குவது பயன் தரும்.

இளவேனில்:
ஆனால் இவ்விலங்கின் வணிகம் சட்டவிரோதமானது என்ற அறிவு அப்படிப் பெருகவில்லை என்றும் அதே கட்டுரை சொல்கிறது, ஐயா. பிரபலங்கள் பகிர்ந்தபோது பார்வையாளர் கூடினார்களே தவிர, விழிப்புணர்வு கூடவில்லை. இறுதியில் அந்தக் காணொளி நீக்கப்பட்டது. ஆயினும் நகல்கள் இன்றும் ஓடுகின்றன. விளக்கம் எழுதி அனுப்பலாம் என்கிறீர்கள். அடுத்தவர் காணொளியை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு ஸ்டேட்டஸில் போடும்போது உங்கள் நான்கு வரி எங்கே போகும்?

மலைக்காட்டு மணி:
இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள்க. நான் அய்யலூர்ப் பக்கம். கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் தேவாங்கு ஒல்லியான வேறு இனம், நஞ்சில்லாதது. ஆனால் கண்கள் அதேபோல இரவுக்கென்றே அமைந்தவை. கணக்கெடுக்கச் செல்வோர் தலைவிளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டுதான் வேலியோரம் நடப்பார்கள். அந்தக் காணொளியிலோ பளிச்சென்ற வெளிச்சத்தில் விலங்கைக் கிடத்தியிருக்கிறார்கள். தாயத்து, மந்திரம் என்று தேவாங்கைப் பிடித்த வழக்கம் ஒருபுறம் இருக்க, இப்போது ‘அழகு’ என்பதற்காகவும் பிடிக்கத் தொடங்கினால் எங்கள் காடு தாங்காது.

தஞ்சை ரகு:
உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த அளவுகோலை எங்கே நிறுத்துவீர்கள்? யூடியூபில் முதலில் ஏறியதே, 2005 ஏப்ரல் 23 அன்று, சான் டியாகோ விலங்குக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன் ஒருவர் நின்று பேசும் 19 விநாடிக் காணொளிதான். கூண்டு விலங்கு என்று அதையும் விலக்குவீர்களா? பூனை, நாய் எல்லாம் போனால் சிரிப்பதற்கு அரசியல்வாதிகள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

இளவேனில்:
அந்த யானைகளை யாரும் கையில் பிடித்து எதையும் செய்யவைக்கவில்லை. வீட்டுப் பூனை மேசையிலிருந்து குவளையைத் தள்ளிவிடும் காணொளியை நானும் அனுப்புவேன். பிடிக்கவில்லை என்றால் பூனை எழுந்து போய்விடும். நான் கேட்பது இரண்டே கேள்விகள்: இது காட்டு விலங்கா, அது விலகிப்போக வழியிருக்கிறதா?

தஞ்சை ரகு:
முதல் கேள்வியை ஏற்கிறேன். இரண்டாவதைப் பத்து விநாடிக் காணொளியைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? எனக்கு அது இன்னும் ஊகமாகவே தெரிகிறது.

மலைக்காட்டு மணி:
கையைப் பாருங்கள் ஐயா. தேவாங்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் கிளையைப் பற்றியே இருக்கும். பற்றுவதற்கு ஒரு கிளைகூட இல்லாமல் அது மல்லாந்து கிடந்தால், யாரோ கிடத்தியிருக்கிறார்கள்.