பொருள்: றெடினெஸ் பொட்டென்சியல் – தமிழில் என்ன?

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்:
வணக்கம். மெய்யியல் மாணவருக்கான செய்முறைக் கைநூல் திங்கள் அச்சுக்குப் போகிறது. எங்கட செயலுக்கு எங்கட விருப்பம்தான் தொடக்கமா என்று பார்த்த, நரம்பியலாளர் லிபெற்றின் 1983ஆம் ஆண்டுப் பரிசோதனையில் ஒரு சொல் இடிக்குது. விரும்பிய கணத்தில் மணிக்கட்டை மடக்கவேணும், கடிகார முகத்தில் 2.56 செக்கனில் ஒரு சுற்று வரும் புள்ளி எங்கே நின்றபோது எண்ணம் எழுந்தது என்று சொல்லவேணும். எண்ணம் எழுந்ததாகச் சொல்லும் நேரம் அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் முன். உச்சந்தலை மின்வாயில் மூளையின் மின்னலை தொடங்குவதோ 550 முன். றெடினெஸ் பொட்டென்சியல் என்னும் அந்த அலைக்கு ‘ஆயத்த அழுத்தம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

சென்னை:
இங்கே ஆயத்தம் என்றால் ஆடைதான் நினைவுக்கு வரும். அழுத்தம் என்றால் இரத்த அழுத்தம். ‘மின்னழுத்தம்’ என்றாவது போடுங்கள்.

திருநெல்வேலி:
ஐயா, எங்கட பாடநூல்களில் பிறஷர் ‘அமுக்கம்’. அழுத்தம் பொட்டென்சியலுக்கே. பிள்ளைகள் குழம்பமாட்டினம்.

வட்டுக்கோட்டை:
ஆயத்தம் வடசொல், அங்கே அதற்குச் ‘சார்ந்தது, வசப்பட்டது’ என்றும் பொருள். சுயாதீனத்தை அளக்கப்போய் அடிமைச்சொல்லை வைக்கலாமா? நாம் வேறொன்றை எண்ணினாலும் ஊழ் முந்திவிடும் என்று ‘சூழினுந் தான்முந் துறும்’ என்ற குறள் இருக்க ஏன் தேடுகிறீர்கள்? முந்துறு அழுத்தம். கூடவே, எல்லாம் முன்காரணங்களால் தீர்மானமானவை என்னும் டிற்றர்மினிசத்துக்கு ‘நியதிவாதம்’ வேண்டாம். சைவ சித்தாந்தத்தில் நியதி ஒரு தத்துவம். வினைப்பயனைச் செய்தவனிடமே சேர்ப்பது அதன் வேலை.

பேராதனை:
நியதியைப் பிறகு பாப்பம். ‘முந்துறு’வுக்கு என் ஆதரவு, ஆனால் காரணம் வேறு. இந்த அலை சில மைக்றோவோல்ற். பின்னணி இரைச்சல் பல மடங்கு பெரிசு. ஒருமுறை மடக்கினால் தெரியாது. 40 தடவை பதிந்து, தசை அசைந்த கணத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, பின்னோக்கிச் சராசரி எடுக்கவேணும். அதிர்வெண் வடிப்பானின் கீழெல்லையை 1 ஹேட்சில் வைத்தால் மெதுவான அலை அப்படியே போய்விடும், 0.1க்கு மேலே விடவேண்டாம். கண் சிமிட்டிய பதிவுகளைக் கழியுங்கள்.
சிக்கல் அந்தச் சராசரியில்தான். தற்செயல் ஏற்றத்தாழ்வு ஒரு வரம்பைத் தொட்டதும் அசைவு வருகிறது என்று கொண்டாலும், வரம்பிலிருந்து பின்னோக்கிப் பார்க்க இதே ஏற்றம்தான் கிடைக்கும் என்று நரம்பியலாளர் ஷூர்கர் குழு 2012இல் காட்டியது. ‘ஆயத்தம்’ என்றால் மூளை முடிவெடுத்துவிட்டது என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதியதாகும்.

திருநெல்வேலி:
சேர், 1965இல் இந்த அலையை அறிவித்த கோர்ன்ஹூபரும் டீக்கேயும் ஜேர்மனில் இட்ட பெயரே ஆயத்தம்தான். நாங்கள் பெயர்ப்பது பெயரை; விளக்கத்தை அல்ல.

சென்னை:
அப்படியானால் ‘ஆயத்த மின்னழுத்தம்’.

திருநெல்வேலி:
மூன்று பேர் ‘ஆயத்த அழுத்தம்’ போதும் என்று தனிமடல் போட்டிருக்கினம். அதுவே போகட்டும். அடிக்குறிப்பில் ‘முந்துறு’.

வட்டுக்கோட்டை:
அடிக்குறிப்பிலாவது ‘முந்துற்ற’ என்று திருத்திவிடாதீர்கள். முந்துறு வினைத்தொகை, காலம் கரந்தது. நியதிக்கு இன்னும் பதில் வரவில்லை.