நைஸ் 19 குடுத்தும் டாப்ல 390% காட்டுது, ஏன்?

புதுபெங்குவின்:
உபுண்டு லினக்ஸ், ப்ராசஸர்ல 4 கோர் இருக்கிற லேப்டாப். பழைய கல்யாண வீடியோ ஒண்ண எஃப்எஃப்எம்பெக்ங்கிற வீடியோ டூல்ல கன்வெர்ட் பண்றேன், பிரவுசர் திணறக்கூடாதேன்னு நைஸ் 19 (முன்னுரிமையில ஆகக் கடைசி) குடுத்துதான் ஓட விட்டேன். ஆனா டாப்ல (ஓடுற ப்ராசஸ்களக் காட்டுற கமாண்ட்) சிபியு 390%, ஃபேன் வேற கத்துது. 100க்கு மேல எப்படிங்க போகும்? பிஎஸ் கமாண்ட் அடிச்சா அதுல வேற நம்பர். நைஸ் வேலையே செய்யலியா?

கருவேலன்:
வேலை செய்யுது ப்ரோ. டாப் ஒரு கோருக்கு 100ன்னு கணக்கு போடும், உங்களுக்கு மொத்தம் 400, ஷிஃப்ட் ஐ அழுத்துனா கோர் எண்ணிக்கையால வகுத்து காட்டும். பிஎஸ் காட்டுறது ப்ராசஸ் ஆரம்பிச்சதுலருந்து சராசரி, இந்த நிமிஷத்து கணக்கு இல்ல, அதான் ரெண்டும் ஒத்துப்போகாது.
நைஸ் லிமிட் கிடையாது, போட்டி வந்தா யாருக்கு எவ்ளோ பங்குன்னு சொல்றது மட்டும்தான். கல்யாணப் பந்தியில கடைசியா உக்காருற ஆள் மாதிரி, வேற யாரும் வரலேன்னா மொத்த எலையும் அவருக்குத்தான். லினக்ஸோட மையமான கெர்னல்ல நைஸ் 0க்கு (சாதாரண அளவு) பங்கு வெயிட் 1024, 19க்கு வெறும் 15, ஒரே கோர்ல ரெண்டும் மோதுனா உங்க கன்வெர்ட்டுக்கு 1.5% கூட தேறாது.

பழையசர்வர்:
மேல சொன்னதுல ஒரு வில்லங்கம் இருக்கு. கெர்னல் 2.6.38ல ஆட்டோகுரூப்னு ஒண்ணு சேத்தாங்க, அது ஆன்ல இருந்தா பங்கு பிரிக்கிறது மொதல்ல செஷனுக்கு செஷன் (ஒவ்வொரு டெர்மினலும் ஒரு செஷன்), நைஸ் அந்த செஷனுக்குள்ள மட்டும்தான் எடுபடும். ரெண்டு டெர்மினல்ல ஆளுக்கொரு லூப் ஓட்டி ஒண்ணுக்கு 19 குடுத்து ரெண்டையும் டாஸ்க்செட் கமாண்ட்ல ஒரே கோர்ல கட்டிப்போட்டு பாருங்க, பாதிப்பாதி வரும். மேனுவல் பக்கத்துல எழுதியிருக்கு, யாரு படிக்கிறா :)
அப்புறம் டாப்ல மேல டபிள்யூஏ ஏறுதான்னு பாருங்க. ஏறுச்சுன்னா சிபியு டிஸ்க்குக்காக காத்திருக்குன்னு அர்த்தம், அதுக்கு நைஸ் உதவாது, டிஸ்க்குக்கான ஐஓநைஸ்தான், அதுவும் டிஸ்க் வேலைய வரிசைப்படுத்துற ஐஓ ஷெட்யூலர் ஆதரிச்சாத்தான்.

புதுபெங்குவின்:
டபிள்யூஏ 0.3தான் அண்ணா. பிரவுசரும் திணறல, ஃபேன் சத்தந்தான் தாங்கல. நைஸ திரும்ப 0 ஆக்கலாமா?

கருவேலன்:
ஓடுற ப்ராசஸோட நைஸ ரீநைஸ் கமாண்ட்ல மாத்தலாம், தன்னோட ப்ராசஸுக்கு ஏத்துறது யார் வேணா பண்ணலாம், எறக்க ரூட் (அட்மின்) அனுமதி வேணும். ஃபேனுக்கு அது மருந்தில்ல. எஃப்எஃப்எம்பெக்லயே அவுட்புட் ஃபைல் பேருக்கு முன்னாடி த்ரெட்ஸ் 2ன்னு போட்டு ஓட்டுங்க, இல்லேன்னா சிஸ்டம்டி-ரன் கமாண்ட்ல சிபியுகோட்டா 200% (ரெண்டு கோர் அளவு) வைங்க, அதுதான் நெஜமான லிமிட். நேரம் கூடத்தான் ஆகும், ராத்திரி விட்டுட்டு தூங்குங்க.