ஓட்டைக்கூட்டுப் பட்டும் கறுப்புக் கம்பளியும்: நூற்போர் அனுபவங்கள்

தருமபுரியிலிருந்து:

கடையில் வாங்கும் அக்ரிலிக் நூலில் மட்டுமே குரோஷா பின்னிவந்த எனக்கு, நம் ஊர்ப் பட்டுக்கூடு அங்காடியில் கூட்டிலிருந்து இழையை அறுபடாமல் உருவி எடுக்கும் ஒரு பட்டு நூற்பாளரைச் சந்தித்த பிறகுதான் நானே நூற்க வேண்டும் என்ற ஆர்வம் பிறந்தது. ஏலத்துக்குக் குவித்திருந்த வெண்கூடுகளில் ஒன்றை என் காதருகே ஆட்டி, உள்ளே கூட்டுப்புழு உருளும் ஓசையைக் கேட்கச் செய்த அந்தப் பெரியவர், நல்ல வெண்கூடு ஒன்றில் அறுபடாத ஒரே இழை ஏறத்தாழ 1000 மீட்டர் வரை இருக்கும் என்றும், அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் அந்தத் தொடர்ச்சி போய்விடுவதால் அது தமக்கு உதவாது என்றும் விளக்கினார். அந்த ஓட்டைக்கூடுகளைத்தான் தேடுகிறேன் என்றதும், "முட்டைக்காகப் பூச்சியை வெளியே விடுகிற இடத்தில் கேளுங்கள் அம்மா" என்று வழிகாட்டினார்.

வாங்கி வந்த கூடுகளைச் சோப்பும் சிறிது சலவைச் சோடாவும் கலந்த நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்து, இழைகளை ஒட்டவைத்திருக்கும் இயற்கைப் பசை நீங்கும்வரை வேகவைத்தேன். கூட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தப் பசைதான். ஆகவே, காய்ந்தபின் எடை குறைவதைக் கண்டு புதியவர்கள் வருந்த வேண்டாம். பசை போன கூட்டை விரல்களால் நான்கு பக்கமும் விரித்து, மெல்ல நீட்டித் தக்ளி என்னும் கைக்கதிரில் நூற்றேன். பட்டு வழுக்கும் இழை என்பதால் முறுக்கைத் தாராளமாக ஏற்ற வேண்டும். பின்னர் இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால்தான் நூல் சுருண்டுகொள்ளாமல் அமைதியாக நிற்கும். ஆலையில் நூற்ற பட்டின் பளபளப்பு இதில் கிடையாது. மங்கலான ஒளியும் சிறு சிறு முடிச்சுகளும் உண்டு. எனக்கு இந்த நூலே அழகாகத் தெரிகிறது. இதில் ஒரு தோள்துண்டைப் பின்னி வருகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

சகோதரி எழுதியதைப் படித்ததும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நான் சந்தித்த குறும்பர் குடும்பம் நினைவுக்கு வந்தது. ஆடு வளர்ப்பதும் கம்பளி நெய்வதும் அவர்களுடைய பரம்பரைத் தொழில். சாயமே ஏற்றாத கறுப்பு ஆட்டு ரோமத்தை நூற்று, பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, புளியங்கொட்டைப் பசை தடவி, தறியில் நெய்த ஒரு கம்பளியை அந்த வீட்டுப் பாட்டி என் தோளில் போர்த்திக் காட்டினார். கழுத்தில் உறுத்தியது உண்மைதான். ஆனால் கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்தது போல் உணரவிடாது என்பதால், மழையிலும் குளிரிலும் ஆட்டு மந்தையுடன் நடப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான போர்வை இல்லை. அவரிடம் விலைக்கு வாங்கிய ரோமத்தில் நான் ஸ்வெட்டர் பின்னவில்லை. முரட்டு நூலுக்கு ஏற்ற வேலை எதுவென்று யோசித்து, உட்காரும் விரிப்பு ஒன்றைக் குரோஷாவில் தடித்த ஊசியால் பின்னினேன். வடிவம் குலையாமல் உறுதியாக இருக்கிறது.

பாலக்கோட்டிலிருந்து:

ஓட்டைக்கூட்டுப் பட்டில் இரட்டை ஊசிப் பின்னலை முயல்வோருக்கு ஒரு சொல். கம்பளியைப் போல் இழுத்தால் நீண்டு மீளும் தன்மை பட்டுக்கு இல்லை. மணிக்கட்டிலும் இடுப்பிலும் இறுக்கிப் பிடிக்க வேண்டிய, மேடுபள்ளக் கோடுகளாக வரும் ‘ரிப்’ பின்னல் பட்டில் நாளடைவில் தளர்ந்துவிடும். சால்வை, தோள்துண்டு போன்று தொங்கி விழும் பொருள்களுக்கு அது மிகவும் ஏற்றது. இறுக்கம் தேவைப்படும் இடத்தில் பட்டிழை ஒன்றையும் மென்கம்பளி இழை ஒன்றையும் சேர்த்து முறுக்கிப் பின்னுங்கள். துவைக்கும்போது மட்டும் வெந்நீரைத் தவிர்த்து, பிழியாமல் துணியில் சுருட்டி நீரை ஒற்றியெடுங்கள்.