‘டோன்’ என்பதற்குத் தமிழ்: ஒலிப்பதம், பதச்சுற்று

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வீட்டிலேயே கட்டும் வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் முன்பெருக்கிக்கு நான் எழுதிவரும் கையேட்டுக்காக, ஒலியின் தன்மையைக் குறிக்கும் ‘டோன்’, அதை மாற்றும் பாஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் அடங்கிய சுற்றான ‘டோன் ஸ்டாக்’ ஆகிய இரண்டுக்கும் சொல் கேட்டிருந்தேன். தொனிக் கட்டுப்பாடு, பண்புமாற்றி, ஒலிநிறத் திருத்தி என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. அவற்றை அகராதியோடு ஒப்பிடுவதைவிட, திருநகரில் என் மேசைமேல் திறந்து கிடக்கும் பெட்டியோடு ஒப்பிடுவதே முறை என்று தோன்றியது.

அந்தப் பெட்டியில் 12ஏஎக்ஸ்7 வால்வு ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய வழக்கில் அதற்கு இசிசி83 என்று பெயர். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள் (பெருக்கும் உறுப்புகள்) உள்ளதால் இரண்டு பெருக்க நிலைகளும் அதிலேயே முடிந்துவிடுகின்றன. தேவாலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கும் என் அக்கா மகன் முதல்முறை இதை வாசித்துப் பார்த்துவிட்டு, “மாமா, சத்தம் சேத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு” என்றான். குமிழ்களைத் திருப்பிப் பார்த்தோம். சேறு சற்று இளகியதே தவிர விலகவில்லை. காரணம் குமிழில் இல்லை. இரண்டு நிலைகளிலும் கேத்தோடின் (வால்வின் எதிர்மின்வாய்) 1.5 கிலோ ஓம் தடைக்கு இணையாக 25 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை வைத்திருந்தேன். அந்த அளவில் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியான 82 ஹெர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்ணும் முழுப் பெருக்கம் பெற்று, அடுத்த நிலையைத் திணறடித்துவிடும். இரண்டாம் நிலையில் மட்டும் அதைக் கழற்றிவிட்டு 0.68 மைக்ரோ ஃபாரட் வைத்தேன். ஆனோடில் (நேர்மின்வாய்) 100 கிலோ ஓம் தடை உள்ள இச்சுற்றில், சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறத்தாழ முன்பிருந்த பெருக்கமே நிற்க, 150-க்குக் கீழே அது படிப்படியாக ஏறத்தாழ பாதிக்கு இறங்கிவிடுகிறது. தந்திகள் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்டன.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், ‘டோன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருப்பதுதான். சுற்றைக் கட்டுபவர் மின்தேக்கியையும் தடையையும் மாற்றி நிலையாக அமைத்துவிடுவது ஒன்று; வாசிப்பவர் அன்றன்றைய அரங்கத்துக்கு ஏற்பக் குமிழைத் திருப்பிக்கொள்வது மற்றொன்று. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடம்தரும் வேர்ச்சொல்.

தொனி என்பது பேச்சுக்குப் பழகிவிட்ட சொல்; ‘அவர் சொன்ன தொனி சரியில்லை’ என்றால் யாரும் கிட்டாரை நினைக்கமாட்டார்கள். பண்புமாற்றியில் வேறொரு சிக்கல் உண்டு. மேனிலைப் பள்ளி இயற்பியலில் வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண் பண்பேற்றம் என்று வானொலி அலைக்கு நிலைபெற்றுவிட்ட சொற்களோடு அது மோதும். ஒலிநிறம் அழகான சொல்தான். ஆனால் நிறம் பார்த்து ரசிப்பதற்கானது, ‘நிறத்தைக் கொஞ்சம் இறக்கு’ என்று எந்த மைக்செட்காரரும் சொல்லமாட்டார்.

நான் முன்வைப்பது ஒலிப்பதம். சோற்றுக்குப் பதம் உண்டு, பாகுக்குக் கம்பிப் பதம் உண்டு, பானை வனையும் மண்ணுக்கும் பதம் உண்டு. இவை ஒன்றிலும் பதம் என்பது தனியொரு அளவு அன்று. நீர், சூடு, நேரம் எனப் பல சேர்ந்து, செய்பவரின் கையும் கண்ணும் ‘இது போதும்’ என்று முடிவு செய்யும் நிலை. இசைக் கருவிகளிலும் இதே வேலை நடக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசையை அப்பி, தட்டிக் கேட்டு, கொஞ்சம் வழித்துவிட்டு மறுபடி தட்டுகிறார்கள்; பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுகிறார்கள். என் அக்கா மகன் கேட்டதும் இதைத்தான். ஆகவே மின்தேக்கியை மாற்றி அமைப்பது பதம் அமைத்தல், குமிழைத் திருப்புவது பதம் பார்த்தல். (இரண்டாவது சொல்லுக்கு வேறொரு பொருளும் இருப்பது தெரியும். 280 வோல்ட் ஓடும் பெட்டியில் அதுவும் பொருந்தும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும், அதை வடியவிடாமல் கைவைத்தால் நம்மைப் பதம் பார்த்துவிடும்.)

‘டோன் ஸ்டாக்’ என்பதற்குத் தொனியடுக்கு என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே அடுக்கு என்பது படத்தில் உறுப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையப்பட்டிருக்கும் தோற்றம் மட்டுமே. வேலையைச் சொல்லும் பதச்சுற்று போதும். இந்தச் சுற்று எதையும் கூட்டுவதில்லை என்பதைக் கையேட்டில் அழுத்திச் சொல்ல வேண்டும். 250 பிகோ ஃபாரட், 100 கிலோ ஓம், 0.1, 0.047 மைக்ரோ ஃபாரட் என்று ஃபெண்டர் நிறுவனத்தின் பெருக்கிகளில் உள்ள அளவுகளில் கட்டிவிட்டு மூன்று குமிழ்களையும் சுழியத்துக்குத் திருப்பினால் ஒலியே நின்றுவிடும். நடுவில் வைத்தாலும் சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு பள்ளம் விழுகிறது. மார்ஷல் நிறுவனத்தின் வழியில் அந்த 100 கிலோ ஓமை 33 ஆக்கி, சிறிய மின்தேக்கியை 470 பிகோ ஃபாரட் ஆக்கினால் பள்ளம் ஆழம் குறைந்து மேலே நகர்கிறது. நடு ஒலி முன்னே வருகிறது. இழந்ததை அடுத்த டிரையோடு ஈடுசெய்கிறது, அவ்வளவே.

குமிழ்களின் பெயர்தான் எனக்குக் கடினமாக இருந்தது. பழந்தமிழ் இசை வழக்கில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று இயக்குகள், அதாவது தாழ், நடு, உயர் சுருதி நிலைகள், இருக்கின்றன. மந்தரம், மத்திமம், தாரம் என்பவற்றுக்கு நேரானவை. பாஸ், மிட், ட்ரெபிள் என்ற மூன்றுக்கும் அச்சில் வார்த்ததுபோல் தோன்றும். ஆனால் ‘மெலிவு’ என்று எழுதிய குமிழைக் கூட்டினால் தரை அதிர்கிறது. இந்த முரணை ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தவிர, அவை சுருதியின் இடத்தைக் குறிப்பவை. ஒரே தாழ்ந்த சுரத்துக்குள்ளும் மேலே ஒலிக்கும் மேற்சுரங்கள் உண்டு, ட்ரெபிள் குமிழ் பிடிப்பது அவற்றைத்தான். கட்டை, கீச்சு என்ற பேச்சுவழக்கும் ஆகாது, ‘நாலரைக் கட்டை’ என்று பாடகர்கள் சுருதிக்குச் சொல்வது வேறு. ஆகவே கரும்புக்குச் சொல்வதுபோல் அடி, இடை, நுனி என்று பிரித்து, அடியொலி, இடையொலி, நுனியொலி என எழுதியிருக்கிறேன்.

கடைசியாக வால்வு. வெற்றிடக் குழாய் என்பது சரியான சொல்தான். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் குழாய் என்றால் திருவிழாவுக்கு மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி. ‘குழாய் முன்பெருக்கி’ என்று எழுதினால் உசிலம்பட்டி வாசகர் ஒருவர் வேறெதையோ கட்ட முனைவார். வால்வு என்றே விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து

---

ஐயா,

ஒலிப்பதத்தை ஏற்கிறேன். பதம் என்றால் நாட்டியத்தில் ஒரு பாடல் வகை, வடமொழி வழியில் சொல் என்றும் பொருள். ஆனால் ‘ஒலி’ முன்னே நிற்பதால் குழப்பம் வராது. அடியொலியை மட்டும் விட்டுவிடுங்கள். அதைப் படித்ததும் எனக்கு யாரோ நடந்துவரும் ஓசைதான் கேட்டது. அதிர்வெண்ணைத் தாழ், உயர் என்றே மாணவர்கள் படிக்கிறார்கள். தாழொலி, இடையொலி, உயரொலி என்றால் அவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். நுனி என்பதை இழப்பதில் எனக்கும் வருத்தம்தான்.

மேலும் ஒன்று: பதச்சுற்றிலுள்ள 100 கிலோ ஓம் தடைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

---

நண்பருக்கு,

காலடி ஓசை எனக்குத் தோன்றவே இல்லை. இனி அதைத் தவிர வேறெதுவும் தோன்றாது. தாழொலி, இடையொலி, உயரொலி என்று திருத்திவிட்டேன். நுனியை முற்றிலும் விட மனமில்லாமல், ஒலியளவுக் குமிழின் உள்ளீட்டு முனைக்கும் நகரும் நடு முனைக்கும் இடையே இடும் 120 பிகோ ஃபாரட் மின்தேக்கிக்கு நுனித்தேக்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். குமிழ் தாழ்ந்திருக்கும்போது உயர் அதிர்வெண்ணை மட்டும் கடத்திவிடுவது அதன் வேலை.

அந்தத் தடைக்குச் சாய்வுத் தடை என்று எழுதியிருக்கிறேன். அதன் மதிப்பை மாற்றினால் தாழொலிக்கும் உயரொலிக்கும் இடையே அதிர்வெண் வரைபடத்தின் கோடு சாயும் அளவு மாறுவதால் பொருந்துகிறது. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்றைக்குத்தான் முகப்புத் தகட்டில் எழுத்துப் பொறிக்கக் கொடுக்கிறேன்.