கத்ரி என்பது ஆளா, ஊரா, கம்பெனியா? தோட்டப் பெயர்களோடு உங்கள் அனுபவம்

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து

எங்கள் ஊருக்கே இரண்டு பெயர். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். ஆனால் பசாரில் கீரை வாங்கும் பாட்டிகளுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பேச நினைப்பது தோட்டப் பெயர்களைப் பற்றி.

என் பெரியப்பா மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ஒரு கத்ரி தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்களோடு தாமான் வீட்டில் இருக்கிறார். 2024-இல் செம்பனை (பாமாயில்) கம்பெனியான சைம் டார்பி பிளாண்டேஷன் தன் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்ட செய்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டவுடன், "கத்ரி திரும்பி வந்துட்டானா?" என்றார்.

வந்துட்டானா என்றுதான் கேட்டார். அவர் வாயில் கத்ரி எப்போதும் ஓர் ஆள். "கத்ரிகிட்ட வேலை செஞ்சேன்", "கத்ரி அரிசி கொடுத்தான்", "கத்ரி லயத்துக்குக் கூரை மாத்தினான்" என்றே பேசுவார். நீண்ட காலச் சேவைக்காக அவருக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. முள் எப்போதோ நின்றுவிட்டது. எண்களின் பொன்முலாம் உரிந்து, ஆறும் ஏழும் வெறும் தடமாகத் தெரிகின்றன. கண்ணாடிக்குள்ளே கம்பெனியின் பெயர் மட்டும் அச்சடித்த அன்று போலவே பளிச்சென்று இருக்கிறது. பேட்டரி மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்பார், துடைப்பதற்கு மட்டும் துணி கேட்பார்.

அவர் அப்படிக் கேட்ட பிறகுதான் இந்தப் பெயரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கத்ரி நிஜமாகவே ஓர் ஆள்தான். அலெக்ஸாண்டர் கத்ரி, ஸ்காட்லாந்தின் பிரெக்கின் என்ற ஊர்க்காரர். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819-இல். இவர் 1821-இல் அங்கே வணிகம் தொடங்கிவிட்டார். அந்தக் குடும்பப் பெயரும் ஓர் ஊரிலிருந்து வந்ததுதான். பிரெக்கின் இருக்கும் அதே அங்கஸ் வட்டாரத்தில் கத்ரி என்று ஒரு சிற்றூர் இன்றும் உண்டு. ஊரின் பெயர் ஆளுக்கு வந்தது, ஆளின் பெயர் கடைக்கு வந்தது, கடை கம்பெனியாகி நம் நாட்டில் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அந்தத் தோட்டங்களில் பிறந்தவர்களை நாம் "கத்ரி ஆளுங்க" என்றோம். ஷா ஆலமிலிருந்து ரவாங் போகும் நெடுஞ்சாலைக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

கம்பெனி கைமாறிய கதை பலருக்கும் தெரியும். 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி காலையில், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், கத்ரியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. துரை போனார், பெயர் போகவில்லை. 2007-இல் சைம் டார்பி, கோல்டன் ஹோப், கத்ரி மூன்றும் ஒன்றான போதுதான் பெயரும் போனது. பெரியப்பாவுக்கு அதில் உண்மையாகவே மனக்கஷ்டம். "நான் வேலை செஞ்ச இடத்தைக் கேட்டா என்ன சொல்றது?" என்பார். சைம் டார்பியும் இரண்டு ஆட்களின் பெயர்தான், வில்லியம் சைம், ஹென்ரி டார்பி, 1910-இல் மலாக்காவில் தொடங்கியது. ஆனால் அவருக்கு அது ஒட்டவே இல்லை.

இன்னொன்று. எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்துக்கு மட்டும் துரையின் பெயர் இல்லை, தமிழ்ப் பெயர். ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட இடம் அது. பெல்ஜியம், பிரான்ஸ் முதலாளிகள், சொக்பின், சைம் டார்பி, இப்போது எஸ்டி கத்ரி என்று மேலே எத்தனையோ பெயர்ப்பலகை மாறியும் தோட்டத்துப் பெயர் அப்படியே நிற்கிறது. உலகத்துச் செம்பனைக்காரர்கள் எல்லோரும் தங்கள் தொழிலின் வரலாற்றைச் சொல்லும்போது ஒரு தமிழ் மரத்தின் பெயரை உச்சரிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் பெருமை உண்டு.

உங்கள் தோட்டத்துப் பெயரை வேறு எங்காவது, எதிர்பாராத இடத்தில் பார்த்திருக்கிறீர்களா? எழுதுங்கள்.

சிரம்பானிலிருந்து, ஓய்வு பெற்ற பொறியாளர்

அண்ணே, உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நானும் கத்ரி தோட்டத்தில் பிறந்தவன். என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. எண்பதுகளில் உபகாரச் சம்பளம் கிடைத்து அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துக்குப் படிக்கப் போனேன். அந்தக் காலத்தில் மலேசியப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். ஒக்லஹோமா சிட்டியில் இறங்கி, பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டில்வாட்டருக்குக் காரில் போகிறோம். நெடுஞ்சாலையில் பச்சைப் பலகையில் பெரிய எழுத்தில் கத்ரி!

வண்டி ஓட்டிய சீனியரிடம், "அண்ணே, இங்கேயும் தோட்டம் இருக்கா?" என்று கேட்டேன். சுற்றிலும் கோதுமை வயலும் மாட்டுப் பண்ணையும்தான்.

பிறகு ஒரு விடுமுறையில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தேன். செங்கல் கட்டடங்களாக அழகான பழைய ஊர். 1889 ஏப்ரல் 22-ஆம் தேதி, அரசு அந்த நிலத்தைத் திறந்துவிட்டபோது மக்கள் குதிரையிலும் வண்டியிலும் ஓடிப்போய் இடம் பிடித்தார்கள். ஒரே நாளில் உண்டான ஊர். ஒக்லஹோமாவின் முதல் தலைநகரும் அதுதான், 1910-இல்தான் தலைநகர் மாறியது. பெயர் வந்தது ஜான் கத்ரி என்ற கன்சாஸ் நீதிபதியிடமிருந்து. நம் அலெக்ஸாண்டருக்கும் அவருக்கும் தொழில் தொடர்பு எதுவும் இல்லை. ஒரே குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

அங்கே எடுத்த படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். பெயர்ப்பலகைக்குக் கீழே நான் நிற்கிறேன். அவர் அதைத் தோட்டத்து ஆபீஸில் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கிராணி துரையிடம் காட்டினாராம். எங்கள் குடும்பத்தில் துரை கையில் போன முதல் புகைப்படம் அது.

கிள்ளானிலிருந்து, தாதி

எனக்கு இந்தப் பெயர் வந்து சேர்ந்தது மருத்துவமனையில்.

பயிற்சிக் காலத்தில் குழந்தைகள் வார்டில் போட்டிருந்தார்கள். பச்சிளங்குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, வட்டங்கள் அச்சடித்த தடித்த வடிதாளில் இரத்தத்தை ஊற விட வேண்டும். ஒரு வட்டம் முழுவதும் நிறைந்து பின்பக்கமும் தெரிய வேண்டும், அரைகுறையாக நின்றால் ஆய்வகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் கிடைமட்டமாக வைத்துக் காய வைக்க வேண்டும். "அந்தக் கத்ரி கார்டை எடு" என்றார் மூத்த தாதி அக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தாத்தா பாட்டி இருவரும் கத்ரி தோட்டத்தில் இருந்தவர்கள். செம்பனைக் கம்பெனி கார்டு எல்லாம் செய்கிறதா என்று அக்காவிடமே கேட்டேன்.

அவருக்கும் தெரியவில்லை. ஆய்வகத்திலிருந்த டாக்டர்தான் விளக்கினார். ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த சோதனை அது. உடம்பு ஒரு வகைப் புரதச் சத்தைச் சிதைக்க முடியாமல் மூளையைப் பாதிக்கும் பிறவி நோயை, பிறந்த சில நாளிலேயே ஒரு சொட்டு இரத்தத்தில் கண்டுபிடிக்கலாம். அவர் மகனுக்கே மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது, மைத்துனி மகளுக்கு இந்த நோயே இருந்தது. அதனால்தான் புற்றுநோய் ஆய்வை விட்டு இதற்கு வந்தார்.

அன்றிலிருந்து கார்டை எடுக்கும்போதெல்லாம் தாத்தா ஞாபகம் வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு சோதனை இருந்திருந்தால் என்று நினைப்பேன். எங்கள் லயத்தில் பேச்சு வராத ஒரு பையன் இருந்தான் என்று பாட்டி சொல்வார். என்ன நோய் என்று யாரும் பார்க்கவில்லை.

பத்து காஜாவிலிருந்து

கெல்லி கோட்டைக்குச் சுற்றுப்பயணிகளை அழைத்துப் போவது என் வேலை. எங்கள் பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். இங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது, நம் கிந்தா ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரையும் தன் ஊரின் பெயரையும் சேர்த்துக் கிந்தா கெல்லாஸ் என்று வைத்தார். தோட்டத்துக்கும் கம்பெனிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அதே பெயர். கோட்டை வேலை 1915-இல் தொடங்கியது. கட்டுமான ஆட்கள் விஷக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக இறந்தபோது, தொழிலாளர்கள் கேட்டபடி மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிக் கொடுத்தார். அந்தக் கோயில் கூரையில் சாமி சிலைகளின் வரிசையில் வெள்ளை உடுப்போடு துரையின் உருவமும் நிற்கிறது, பலர் அண்ணாந்து பார்க்காமலே போய்விடுகிறார்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தார். கோட்டை முடியவே இல்லை.

ஒருமுறை ஸ்காட்லாந்துத் தம்பதி வந்தார்கள். நான் கெல்லாஸ் என்று சொன்னதும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "எங்கள் நாட்டில் கெல்லாஸ் என்றால் பூனை" என்றார். காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் கலந்து பிறந்த கறுப்புப் பூனை, 1980-களில் அந்த ஊர்ப் பக்கம் பிடிபட்டதால் கெல்லாஸ் பூனை என்றே பெயராகிவிட்டதாம். இங்கே அந்தப் பெயரைக் கேட்டால் எங்களுக்கு அம்மன் கோயில் திருவிழா நினைவுக்கு வரும். அவருக்கு நான் கோயில் கூரையைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீடோங்கிலிருந்து

எங்கள் தோட்டம் ஹார்வர்ட். கடாவுக்காரர்களுக்குத் தெரியும். படிவங்களில் பள்ளியின் பெயர் எழுதினால் ஆபீஸில் நிமிர்ந்து பார்ப்பார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு உரியவர் ஜான் ஹார்வர்ட் என்ற பாதிரியார். 1638-இல் சாகும்போது சொத்தில் பாதியையும் தன் புத்தகங்களையும் கல்லூரிக்கு எழுதி வைத்தார். நான் படித்த பள்ளிக்கும் புத்தகம் வாங்கிக் கொடுத்த ஒரு கிராணி இருந்தார். அவர் பெயரை எதற்கும் வைக்கவில்லை.

கேரித் தீவிலிருந்து

எங்கள் தீவின் பெயரும் ஒரு தோட்டக்காரரின் பெயர்தான், எட்வர்ட் வாலண்டைன் கேரி. பூர்வகுடிகளான மா மெரி மக்கள் அவருக்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து

பீடோங் தம்பி சொன்னது மனசில் தங்கிவிட்டது. நம்மவர் பெயர் நிலைத்ததும் உண்டு, தம்பி. சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சரான துன் சம்பந்தனைப் பாருங்கள். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க, சனங்கள் லயத்தை விட்டு நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போதுதான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால் வெட்டியவர்களின் சேமிப்பில் தோட்டங்களை வாங்கினார்கள், முதலில் கடாவில் புக்கிட் சீடிம். இன்று பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கும், மோனோரயில் நிலையத்துக்கும், சங்கத்தின் கட்டடத்துக்கும், தமிழ்ப்பள்ளிகளுக்கும் அவர் பெயர். அந்த நிலையத்தில் இறங்கும் இளம்பிள்ளைகள் பலருக்கு அது ஸ்டேஷன் பெயர் மட்டும்தான். கத்ரி என் பெரியப்பாவுக்கு ஆளாகவே இருந்தான். சம்பந்தன் நம் பிள்ளைகளுக்கு ஸ்டேஷனாக மட்டும் ஆகிவிடக் கூடாது. சொல்லிக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

ஷா ஆலமிலிருந்து, ஆசிரியை

பள்ளிகளைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது, பள்ளி மட்டும் பெயரைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு வந்திருக்கிறது. ஷா ஆலம் நகருக்குள் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. புக்கிட் செந்தோசா வீடமைப்புப் பகுதியில் நைஜல் கார்ட்னர் தோட்டத் தமிழ்ப்பள்ளி. தெலுக் இந்தான் பக்கம் நோவா ஸ்கோஷியா என்றே பள்ளிகள் உண்டு, கனடாவின் மாநிலம் என்று பிள்ளைகள் வரைபடத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

நான் வேலை செய்த ஒரு பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பெயரிலிருந்து "தோட்டம்" என்பதை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகள் வெளியே போனால் கூச்சமாக இருக்கிறதாம். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். பேத்தியைக் கூட்டிப் போக வந்தவர். "ஆயாக்கொட்டகை எங்கே இருந்துச்சுன்னு காட்டச் சொன்னா இப்ப என்னால காட்ட முடியாது, மேல ரோடு போட்டுட்டாங்க. இந்தப் போர்டுதான் இருக்கு" என்றார். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், பெயர் அப்படியே இருக்கிறது.

சரி, ஓர் உதவி. இடம் மாறி வந்த பள்ளிகளின் பழைய மாணவர் பதிவேடுகளைப் படியெடுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் முகவரிப் பத்தியில் தோட்டம், டிவிஷன், லயத்து எண் மூன்றும் எழுதியிருப்பார்கள். எண்பதுக்கு முந்தைய பதிவேடு யாரிடமாவது, எந்தப் பள்ளி அலமாரியிலாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.